கப்பலிலிருந்து கடலடியில் குழாய் போடும்போது இரும்பு ஏன் ஒடிவதில்லை?

கேட்டவர் கேட்டது இது: ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குப் பால்டிக் கடலுக்கு அடியிலேயே 1,200 கிலோமீட்டருக்கு மேல் எரிவாயுக் குழாய் போட்டார்களே, கப்பலிலிருந்து அதைக் கீழே தள்ளுகிற இயந்திரத்துக்கு என்ன பெயர், அவ்வளவு கனமான இரும்பு கடல் தரை வரைக்கும் வளைந்து போகும்போது ஒடிந்துவிடாதா? பெயர் மட்டும் போதும் என்றால் டென்ஷனர் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் 'தள்ளுகிற' என்ற சொல்லில்தான் சிக்கல். குழாய் தன் எடையால் தானாகவே கடலுக்குள் ஓடப் பார்க்கும், டென்ஷனர் அதை ஓடவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஏன் பிடிக்க வேண்டும் என்பது புரிந்துவிட்டால் ஏன் ஒடிவதில்லை என்பதும் புரிந்துவிடும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். (நீங்கள் சொல்வது நார்ட் ஸ்ட்ரீம் குழாய். 2022 செப்டம்பரில் கடலுக்கடியில் வெடித்ததும் அதுதான், அது வேறு கதை.)

என்னைப் பற்றி இரண்டு வரி, எதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் முடிவு செய்வதற்காக. வெல்டிங் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, பதினாறு வருடம் குழாய் போடும் பார்ஜ்களில் (தட்டையான பெரிய மிதவைக் கப்பல்களில்) இருந்தேன். பெரும்பாலும் ஆழம் குறைந்த கடல்தான், மும்பைக்கு மேற்கே கொஞ்ச காலம், அப்புறம் வளைகுடா. ஆழ்கடல் கப்பலில் இரண்டு மாதம் மட்டும் இருந்திருக்கிறேன். ரீல் கப்பலில் (குழாயை உருளையில் சுற்றிக்கொண்டு போகிற கப்பல்) வேலை பார்த்ததே இல்லை, அதைப் பற்றி எழுதுவது படித்ததும் கூட இருந்தவர்கள் சொன்னதும். கீழே வரும் கணக்குகள் நானே இங்கே போடுவது, கால்குலேட்டர் இருந்தால் நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

முதலில், சொன்னால் பலரும் நம்பாத ஒன்று. பெரிய எரிவாயுக் குழாயை வெறும் இரும்பாகக் கடலில் போட்டால் மிதக்கும். வெளிவிட்டம் 1.22 மீட்டர், அதாவது 48 அங்குலம், இரும்பின் தடிமன் 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்குச் சுமார் 880 கிலோ வரும். உள்ளே காற்று மட்டும் இருக்கும் அந்தக் குழாய் மூழ்கினால் விலக்குகிற கடல்நீர் மீட்டருக்கு 1,200 கிலோ. ஆர்க்கிமிடிஸ் சும்மா விடமாட்டார், மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் மேலே தூக்கும். அதனால்தான் குழாய்க்குக் கான்கிரீட் சட்டை போடுகிறார்கள். வீடு கட்டுகிற கான்கிரீட் இல்லை, இரும்புத் தாது கலந்தது, கன மீட்டர் மூன்று டன்னுக்குக் குறையாது. அதை 10 சென்டிமீட்டர் போட்டால் மீட்டர் எடை இரண்டு டன்னைத் தாண்டும், தண்ணீருக்குள் நிகர எடை 500 கிலோ சொச்சம் நிற்கும். இந்த வேலையெல்லாம் கரையிலேயே முடிந்து, 12 மீட்டர் துண்டுகளாகக் கப்பலுக்கு வரும். ஒரு துண்டை ஜாயின்ட் என்போம். நார்ட் ஸ்ட்ரீமில் ஒரு ஜாயின்ட் 24 டன் வாக்கில், இரண்டு தடங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 லட்சம் ஜாயின்ட்.

குழாய் போடும் கப்பலைக் கப்பல் என்று நினைக்காதீர்கள், நகர்கிற ஒரு தொழிற்சாலை என்று நினையுங்கள். உள்ளே நீளவாக்கில் ஒரு வரிசை, அதற்கு ஃபயரிங் லைன் என்று பெயர். சப்ளை படகிலிருந்து கிரேன் ஜாயின்ட்டைத் தூக்கி வைக்கும். இரண்டு முனையையும் இயந்திரம் வைத்துக் கடைந்து, வெல்டிங்குக்கு ஏற்ற காடி எடுப்பார்கள். சூடேற்றுவார்கள். குழாய்க்கு உள்ளேயே போய் விரிந்து, இரண்டு முனையையும் நேராகப் பிடித்துக்கொள்கிற கிளாம்ப் ஒன்று உண்டு, அது பிடித்ததும் முதல் வெல்டிங். வெல்டிங் தலை ஒரு பட்டையின் மேல் ஏறிக் குழாயைச் சுற்றி ஊர்ந்துகொண்டே போகும், அதைப் பக் என்பார்கள், பார்த்தால் பூச்சி மாதிரியேதான் இருக்கும். முதல் ஸ்டேஷனில் அடிப்பூச்சு, அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் நிரப்பல், கடைசியில் மேல்பூச்சு. அதற்குப் பிறகு அல்ட்ராசோனிக் சோதனை, அங்கே பாஸானால்தான் இணைப்பின் மேல் துருப்பிடிக்காத பூச்சு போட்டு, கான்கிரீட் இல்லாத அந்த இடைவெளியை நிரப்பி அனுப்புவார்கள். எல்லா ஸ்டேஷனிலும் பச்சை விளக்கு எரிந்ததும் கப்பல் 12 மீட்டர் முன்னால் நகரும். குழாய் நகர்வதில்லை, கவனியுங்கள், கப்பல்தான் குழாய்க்கு அடியிலிருந்து நழுவிப் போகிறது.

ஒரு நாளைக்கு 3 கிலோமீட்டர் போட வேண்டும் என்றால் சுமார் 250 ஜாயின்ட். அப்படியென்றால் ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை கப்பல் நகர வேண்டும். எந்த ஸ்டேஷன் மெதுவோ அதன் வேகம்தான் கப்பலின் வேகம், மற்ற எல்லோரும் அவர்களை முறைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் இருந்தது சோதனை ஸ்டேஷனில், அதனால் முறைப்பு எனக்குப் பழகிப்போனது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். கப்பலின் பின்பக்கத்தில் ஸ்டிங்கர் என்று ஒரு நீளமான இரும்புச் சட்டம் வளைந்து கடலுக்குள் இறங்கும், அதன் மேல் வரிசையாக ரோலர்கள். குழாய் கப்பலிலிருந்து கிடைமட்டமாக வந்து, ஸ்டிங்கரின் மேல் கீழ்நோக்கி வளைந்து, அதை விட்ட பிறகு தண்ணீரில் தொங்கியபடி போய், தரையைத் தொடும் இடத்தில் எதிர்ப்பக்கம் வளைந்து படுக்கும். பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில எழுத்து எஸ் மாதிரி, அதனால்தான் இந்த முறைக்கு எஸ்-லே என்று பெயர். மேல் வளைவுக்கு ஸ்டிங்கர் தாங்கல் கொடுக்கிறது. கீழ் வளைவுக்கு ஒரு தாங்கலும் கிடையாது, அங்கே தண்ணீர் மட்டும்தான்.

அந்தக் கீழ் வளைவைக் காப்பாற்றுவதுதான் டென்ஷனர். வீட்டில் துணி காயப்போடும் கொடியை நினைத்துப் பாருங்கள். தளர்வாகக் கட்டினால் நடுவில் குழிந்து தொங்கும், இழுத்துக் கட்டினால் நேராக நிற்கும். குழாயும் அப்படித்தான். மேலே இழுத்துப் பிடித்தால் தொங்கும் பகுதி நீண்டு, தரைக்குப் பக்கத்தில் வளைவு மெதுவாகத் திரும்பும். விட்டுவிட்டால் அந்த இடத்தில் சட்டென்று மடங்கும், மடங்கினால் நசுங்கும். டென்ஷனர் பார்ப்பதற்கு புல்டோசரின் சங்கிலிப் பட்டையை மேலே ஒன்று கீழே ஒன்று வைத்து, நடுவில் குழாயை அழுத்திப் பிடித்தது போல இருக்கும், பட்டையில் ரப்பர் கட்டைகள். அழுத்தம் அதிகமானால் கான்கிரீட் நொறுங்கும், குறைந்தால் குழாய் வழுக்கும். அலையில் கப்பல் முன்னும் பின்னும் ஆடும்போது டென்ஷனர் கொஞ்சம் விட்டுக் கொஞ்சம் பிடித்து இழுவிசையை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். தூண்டில்காரர் பெரிய மீன் மாட்டினால் நூலை விட்டு விட்டுப் பிடிப்பார் பாருங்கள், அதே வித்தை.

எவ்வளவு விசை வேண்டும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு, தோராயமானது ஆனால் ஏமாற்றாது: தண்ணீருக்குள் குழாயின் மீட்டர் எடையை ஆழத்தால் பெருக்குங்கள், அதோடு தரைமட்டத்தில் இருக்கும் கிடைமட்ட இழுவையைக் கூட்டுங்கள். பால்டிக்கில் அந்தத் தடத்தின் அதிகபட்ச ஆழம் 210 மீட்டர் வாக்கில், மேலே சொன்ன 500 கிலோ குழாய்க்கு 105 டன் வந்துவிட்டது, கிடைமட்டப் பங்கு தனி. அந்தக் கிடைமட்ட இழுவை கப்பலையும் பின்னால் இழுக்கும், அதனால் கப்பல் நின்ற இடத்தில் நிற்பதற்கே முன்பக்கம் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, ஒடியாதா? இரும்பு எவ்வளவு வளைகிறது என்று பாருங்கள். எக்ஸ்65 என்ற வகை எஃகுக்கு, ஸ்டிங்கர் மேல் 0.25 சதவீதம் வரை நீளலாம் என்பது இந்தத் தொழிலில் பரவலாகப் பின்பற்றும் நார்வே விதிமுறையின் எளிய அளவுகோல். ஒரு மீட்டருக்கு இரண்டரை மில்லிமீட்டர். 48 அங்குலக் குழாய்க்கு அது ஏறத்தாழ 244 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் வளைவதற்குச் சமம். இது கண்ணுக்கு எப்படித் தெரியும் தெரியுமா? 12 மீட்டர் ஜாயின்ட் ஒன்றின் இரண்டு முனைக்கும் நூல் பிடித்தால் நடுவில் குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி ஏழு சென்டிமீட்டர் சொச்சம். அவ்வளவுதான். பக்கத்தில் நின்று ஒரே ஒரு ஜாயின்ட்டைப் பார்த்தால் வளைந்திருக்கிறது என்றே சொல்லமாட்டீர்கள். ட்ரோன் படத்தில் நூடுல்ஸ் மாதிரி தெரிவதற்குக் காரணம் நூற்றுக்கணக்கான மீட்டரை ஒரே சட்டகத்தில் பார்ப்பதுதான்.

ஆழம் கூடும்போதுதான் கதை சூடு பிடிக்கும். துருக்கி ஸ்ட்ரீம் என்று கருங்கடலில் 2017, 2018-இல் இரண்டு தடம் போட்டார்கள், ஒவ்வொன்றும் 930 கிலோமீட்டர் வாக்கில், ஆழம் 2,200 மீட்டர் வரை. ஆழ்கடல் பகுதியைப் போட்டது பயனியரிங் ஸ்பிரிட் என்ற கப்பல், 382 மீட்டர் நீளம், 124 மீட்டர் அகலம். அதன் டென்ஷனர்கள் நான்கும் சேர்ந்து 2,000 டன் பிடிக்கும். குழாய் 32 அங்குலம், தடிமன் 39 மில்லிமீட்டர். இவ்வளவு தடிமன் எரிவாயுவுக்காக மட்டும் இல்லை, அந்த ஆழத்தில் வெளியிலிருந்து 220 பார் அழுத்தம் நசுக்கப் பார்க்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). தடிமனாக இருப்பதால் கான்கிரீட் இல்லாமலேயே மூழ்கும், மீட்டருக்கு 212 கிலோ நிகர எடை. 2,200-ஆல் பெருக்கினால் 470 டன்னுக்குக் கிட்டே. அப்புறம் 2,000 டன் எதற்கு?

கெட்ட நாளுக்காக. தொங்கிக்கொண்டிருக்கும் குழாயில் எங்காவது மடிப்பு விழுந்து, அந்த இடம் கிழிந்து உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது என்று வையுங்கள், இதை வெட் பக்கிள் என்பார்கள், இந்த வேலையில் யாரும் உரக்கச் சொல்ல விரும்பாத சொல். உள்ளே நிறையும் தண்ணீர் மீட்டருக்கு 435 கிலோ. மீட்டர் எடை 212-இலிருந்து 647 ஆகிவிடும், மொத்தம் 1,400 டன்னைத் தாண்டும், அதற்கு மேல் கிடைமட்டப் பங்கு. பிடிக்க முடியாத கப்பல் என்றால் குழாய் டென்ஷனரிலிருந்து உருவிக்கொண்டு அடிக்குப் போகும். இது நான் போட்ட கணக்கு, அவர்களுடைய வடிவமைப்பு ஆவணத்தைப் பார்த்துச் சொல்வதல்ல. ஆனால் சாதாரண நாளின் எடையைப் போல நாலு மடங்கு திறன் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு பயமும் உண்டு: ஆழத்தில் ஓரிடத்தில் குழாய் நசுங்கினால் வெளி அழுத்தத்தால் அந்த நசுங்கல் குழாய் நெடுகப் பரவும், ஜிப் திறப்பது போல. அதை நிறுத்தத்தான் இடையிடையே தடித்த வளையங்களை வைத்து வெல்டிங் செய்கிறார்கள்.

மடிப்பு விழுந்ததை மேலே இருப்பவர்கள் எப்படித் தெரிந்துகொள்வார்கள்? குழாய்க்குள் சக்கரம் வைத்த ஒரு வண்டி, முன்னால் உள்விட்டத்தைவிடச் சற்றே சிறிய அலுமினியத் தகடு, வண்டியைக் கப்பலோடு கட்டிய கம்பிவடம். குழாய் கடலுக்குள் போகப் போக வண்டி மட்டும் தரை தொடும் இடத்தைத் தாண்டி அதே தூரத்தில் உள்ளே நின்றுகொண்டிருக்கும். நசுங்கிய இடம் வந்தால் தகடு மாட்டும், வடத்தில் இழுவிசை எகிறும், மணி அடிக்கும். ஒரு தடவை இரவு இரண்டு மணி ஷிஃப்டில் எங்கள் பார்ஜில் அந்த மணி அடித்தது. முழு வரிசையும் நின்றுபோனது, கேண்டீனில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள், கான்ட்ராக்டர் பக்கத்து சூப்பரின்டென்டென்ட் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியை மெதுவாக வின்ச் போட்டு இழுத்தோம். எல்லோரும் முதலில் பார்த்தது தகடு ஈரமா என்று. காய்ந்துதான் இருந்தது. தகட்டின் விளிம்பில் நெளிவு இல்லை, மரச் சிராய் ஒன்று செருகியிருந்தது, கூடவே வண்டிக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வந்த கட்டை ஒன்று வெளியே விழுந்தது. யார்டில் குழாய் உருளாமல் இருக்க வைக்கிற ஆப்புக்கட்டை. எப்படியோ உள்ளே போயிருக்கிறது, ஜாயின்ட்டை ஏற்றும் முன் உள்ளே துடைத்துப் பார்த்ததாகக் கையெழுத்து இருந்தது, யாரும் பார்க்கவில்லை. ஐந்து மணி நேரம் போச்சு. அதற்குப் பிறகு நான் போன எல்லா பார்ஜிலும் டார்ச் அடித்து நானே ஒரு முறை உள்ளே பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன், அது என் வேலையாக இல்லாவிட்டாலும்.

ஆழத்துக்கு இன்னொரு வழி ஜே-லே. மேல் வளைவே வேண்டாம் என்று குழாயைக் கோபுரத்தில் ஏறக்குறையச் செங்குத்தாக நிறுத்தி, நிற்கும்போதே வெல்டிங் போட்டு இறக்குவது, கீழ் வளைவு மட்டும் மிச்சம், அதனால் ஜே வடிவம். கருங்கடலிலேயே புளூ ஸ்ட்ரீம் குழாயை 2001, 2002-இல் சாய்பெம் 7000 என்ற கப்பல் 2,150 மீட்டர் ஆழத்தில் இப்படித்தான் போட்டது. எஸ்-லேயில் ஐந்தாறு வெல்டிங் ஸ்டேஷன் ஒரே நேரத்தில் வேலை செய்யும், கோபுரத்திலோ பொதுவாக ஒன்றோ இரண்டோதான், அதனால் நான்கு ஜாயின்ட்டை முன்கூட்டியே சேர்த்து 48 மீட்டர் துண்டாக ஏற்றி ஈடுகட்டுவார்கள். பழைய பாடங்களில் ஆழம் என்றால் ஜே-லேதான் என்று எழுதியிருப்பார்கள். துருக்கி ஸ்ட்ரீம் எஸ்-லேயில் போன பிறகு அதை அப்படியே சொல்ல முடியாது, பெரிய ஸ்டிங்கரும் டென்ஷனரும் இருந்தால் எஸ்-லேயும் போகும். எது மலிவு என்பது விட்டம், நீளம், அந்த வருடம் எந்தக் கப்பல் காலியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது, பொது விதியாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மூன்றாவது ரீல். கரையிலேயே கிலோமீட்டர் கணக்கில் வெல்டிங் செய்து, கப்பலில் இருக்கும் ராட்சத உருளையில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டு போய், கடலில் அவிழ்த்து நேராக்கிப் போடுவது. இங்கே மட்டும் இரும்பு உண்மையிலேயே வளைகிறது. 16 அங்குலக் குழாயை 8 மீட்டர் ஆர உருளையில் சுற்றினால் இரண்டரை சதவீத நீட்சி, ஸ்டிங்கர் கணக்கைப் போல பத்து மடங்கு. நிரந்தரமாக வளைந்துவிடும், அப்புறம் நேராக்கும் இயந்திரம் எதிர்ப்பக்கம் வளைத்துச் சரி செய்யும். கான்கிரீட் சட்டையோடு இதைச் செய்ய முடியாது, பொடிப்பொடியாகிவிடும், அதனால் சிறிய விட்டத்துக்கு மட்டும். யோசனை பழசுதான்: 1944-இல் இங்கிலாந்திலிருந்து பிரான்ஸுக்குப் படைகளுக்கு எரிபொருள் அனுப்ப, புளூட்டோ என்ற திட்டத்தில் மூன்று அங்குல எஃகுக் குழாயை மிதக்கும் உருளையில் சுற்றி, இழுவைப் படகுகளால் ஆங்கிலக் கால்வாயின் குறுக்கே இழுத்துக்கொண்டு போனார்கள்.

கப்பல் தன் பாதையில் நிற்பதற்கு இரண்டு வழி. நார்ட் ஸ்ட்ரீமில் பெரும்பகுதியைப் போட்ட காஸ்டோரோ செய் 12 நங்கூரத்தின் மேல் நகரும், சின்ன இழுவைக் கப்பல்கள் ஓயாமல் நங்கூரத்தைத் தூக்கி முன்னால் போட்டுக்கொண்டே இருக்கும். பின்லாந்து வளைகுடாவில் தரையெல்லாம் உலகப் போர்க்காலக் கண்ணிவெடிகள், அங்கே நங்கூரம் போட்டுக் கிளற யாருக்குத் துணிவு வரும்? அதனால் நங்கூரமே இல்லாமல் செயற்கைக்கோள் வழிகாட்டலும் உந்துவிசைச் சுழலிகளும் வைத்து நிற்கும் சொலிடேர் கப்பலைக் கொண்டுவந்தார்கள். கடல் மோசமானால் இரண்டுக்கும் ஒரே கதிதான். குழாய் முனையை மூடி வெல்டிங் செய்து, தடித்த வடத்தில் கட்டி, இழுவிசை குறையாமல் மெதுவாகத் தரையில் படுக்க வைத்துவிட்டு விலகி நிற்பார்கள், கடல் அடங்கியதும் அதே வடத்தால் தூக்கி விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். எங்கள் அரபிக்கடல் வேலையில் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முன், மே கடைசிக்குள், முனையைப் படுக்க வைத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை ஆனால் அடுத்து கேட்பீர்கள். நார்ட் ஸ்ட்ரீமின் 1,224 கிலோமீட்டரும் ஒரே மூச்சில் போட்டது இல்லை. ரஷ்யப் பக்கம் 220 பார், நடுவில் 200, ஜெர்மன் பக்கம் 177.5 என்று உள்ளே எரிவாயுவின் அழுத்தம் குறைவதற்கேற்பத் தடிமனும் மாறுவதால் ஒவ்வொரு தடத்தையும் மூன்று பகுதியாகப் போட்டு, தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்து, பிறகு கடலடியிலேயே இணைத்தார்கள், பின்லாந்துக்கு அருகே 80 மீட்டர் ஆழத்தில் ஒன்று, சுவீடனின் காட்லாந்து தீவுக்கு அருகே 110 மீட்டரில் ஒன்று. இரண்டு முனையையும் தரையிலிருந்து தூக்கி எதிரெதிரே நிறுத்தி, மேலே ஒரு கூண்டைக் கவிழ்த்து, வாயு செலுத்தித் தண்ணீரை வெளியேற்றி, டைவர்கள் உள்ளே போய் ஆயத்தம் செய்ய, மேலே கப்பலில் இருந்தபடியே வெல்டிங் இயக்கப்பட்டது. ஃபயரிங் லைனில் ஆறு நிமிடத்துக்கு ஒன்று என்று முடிகிற அதே வேலை, முனையைக் கடை, நேராக்கு, சூடேற்று, அடிப்பூச்சு, கடலடியில் நாள் கணக்கில் எடுக்கும்.